படகுக்காரியின் நடை

அன்று காலை அந்த அறையில் இருந்தவர்கள்: பெரியவர், நடைக்காரர், ஊசி, சத்தம், அப்புறம் சின்னவள். பெரியவர் என்பது அலுவலகத்துக்குத் தலைவராக இருப்பதால் வந்த பெயர். ஆளுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. கம்ப்யூட்டர் விளையாட்டில் வருகிறவர்களை நடக்க, ஓட, விழ வைக்கிறவர் நடைக்காரர். ஊசி அவர்களுக்கு உடுப்புத் தைக்கிறவள், அதுவும் கம்ப்யூட்டரில்தான். நிஜ ஊசியில் அவளுக்கு நூல் கோக்கத் தெரியாது. சத்தம் என்கிறவன் காலடி ஓசை, தண்ணீர் ஓசை எல்லாம் சேர்க்கிறவன். வாயைத் திறப்பது அபூர்வம். சின்னவள் உடம்பு செய்கிறவள். சுவர் அகலத் திரையில் அவள் செய்த படகுக்காரி நின்றுகொண்டிருந்தாள். அவளையும் ஆளாகச் சேர்த்தால் ஆறு பேர்.

அவர்கள் செய்துகொண்டிருந்தது மூழ்கிப்போன ஓர் ஊரைப் பற்றிய விளையாட்டு. ஊருக்கு மேல் ஓர் ஆறு ஓடும். ஆற்றுக்கு மேல் எந்நேரமும் மூட்டம். விளையாடுகிறவன் அக்கரைக்குப் போக வேண்டுமானால் படகுக்காரியின் படகில்தான் ஏற வேண்டும். ஏறி உட்கார்ந்தபின் அவன் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. அவள் துடுப்புப் போடுவாள். தண்ணீர் விலகும். அடியில் மூழ்கிய தெருக்களில் யாரோ அணைக்க மறந்த விளக்குகள் மங்கலாக எரியும். அந்த இடத்தை முதன்முதலில் பார்த்தபோது பெரியவரே கையிலிருந்த டீயை ஆறவிட்டார்.

படகுக்காரிக்குப் பெரிய உடம்பு. அகலமான தோள், கனத்த கை, பானை போல் வயிறு, ஒன்றோடொன்று ஒட்டிய தொடைகள். இதில்தான் சிக்கல். அந்த அலுவலகத்தில் பெண் உடம்பு ஒன்றுதான் உண்டு. ராணிக்கும் அதே, திருடிக்கும் அதே, மருத்துவச்சிக்கும் மீன் விற்கிறவளுக்கும் அதே. தலையையும் முடியையும் மாற்றிக்கொள்வார்கள். ஒருத்திக்குத் தைத்த உடுப்பு எல்லாருக்கும் சேரும், ஒருத்திக்குப் போட்ட நடை எல்லாருக்கும் பொருந்தும் என்பதால் வந்த வழக்கம். பொது உடம்பு என்பார்கள். ஒடுங்கிய இடுப்பு, நீண்ட கால். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. சௌகரியம். ஆண்களுக்கு மட்டும் ஏழெட்டு உடம்பு இருந்தது. அதை ஏனென்று யாரும் கேட்டதில்லை.

நடைக்காரர் பொது உடம்பின் நடையைப் படகுக்காரிக்குப் போட்டுக் காட்டினார்.

அவள் நடந்தாள். நுனிக்காலில், இடுப்பை ஒடித்து ஒடித்து, கை இரண்டையும் பறவை மாதிரி விரித்துக்கொண்டு நடந்தாள். ஒரு தொடை இன்னொன்றுக்குள் புகுந்து மறுபக்கம் வந்தது. முழங்கை வயிற்றுக்குள் போய்விட்டுத் திரும்பியது. ஊசி தைத்த பாவாடையைத் துளைத்துக்கொண்டு சதை எட்டிப் பார்த்தது.

சத்தம் வாயைத் திறந்தான். "பாவம், அவசரமா கக்கூஸ் தேடுறா போல."

சிரித்தார்கள். ஊசி சிரித்தாள், நடைக்காரர் சிரித்தார், சின்னவளும் சிரித்தாள். முதலில் நிறுத்தியதும் அவள்தான்.

பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, படகுக்காரி நன்றாகத்தான் இருக்கிறாள், ஆனால் நடக்க மாட்டேன் என்கிறாளே என்றார். ஒன்று, முகத்தை மட்டும் வைத்துக்கொண்டு பொது உடம்புக்குப் போய்விடலாம். இல்லையென்றால் இதே உடல்வாகில் ஓர் ஆளைக் கூட்டி வந்து நடக்கச் சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். வாரக் கடைசிவரை பார்க்கலாம் என்றார். "அப்படி ஆள் கிடைக்குமாம்மா?"

"பாக்குறேன் சார்," என்றாள் சின்னவள். பார்க்க ஒன்றும் இல்லை. அந்த ஆள் யாரென்று அவளுக்கு மட்டும் தெரியும். அது அவளுடைய அக்கா.

படகுக்காரியைச் செய்தபோது அக்காவிடம் அவள் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே தோன்றியிருக்கவில்லை. அளவெடுக்கவும் இல்லை, படம் பிடிக்கவும் இல்லை. அம்மா போனபின் பல வருஷம் அக்காவும் அவளும் ஒரே கட்டிலில் படுத்தார்கள். அறைக்குக் கணப்பு கிடையாது. அக்காவின் முதுகில் ஒட்டிக்கொண்டால்தான் தூக்கம் வரும். அதைப் பாசம் என்று சொல்ல மாட்டாள், குளிர். ஆனால் அந்த முதுகு அவள் கைக்குத் தெரியும். வேலையில் உட்கார்ந்து கண்ணை அரைக்கண்ணாக மூடினால் போதும், உடம்பு செய்யக் கம்ப்யூட்டர் தரும் சாம்பல் நிறக் களிமண் திரையில் தானாகத் திரண்டு வரும். தோள் வரும், தோளிலிருந்து கை வரும். மழைக்காலம் முழுக்க அப்படித்தான் போயிற்று. வெளியே மழையா உள்ளே ஆறா என்று தெரியாமல், பாதி விழிப்பில், தண்ணீருக்குள் இருந்துகொண்டு செய்வதுபோல அவள் அக்காவைச் செய்தாள்.

அக்கா, மாமா, சின்னவள் மூன்று பேரும் மேல்மாடியில் இரண்டு அறை வீட்டில் இருந்தார்கள். மழை விடாததால் துணியெல்லாம் வீட்டுக்குள்தான் காய்ந்தது. சுவருக்குச் சுவர் கயிறு கட்டி, ஈரப் போர்வைக்கும் சட்டைக்கும் அடியில் குனிந்து நடமாடினார்கள். யார் எங்கே இருக்கிறார்கள் என்பது காலைப் பார்த்தால்தான் தெரியும். அன்று சாயங்காலம் உருளைக்கிழங்கு சூப்பும் ரொட்டியும். அக்கா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்திலிருந்து வந்தால் அவளோடு நீராவி வாசனையும் வரும். மாமா பஸ் ஓட்டுகிறவர். அன்றைக்குப் பஸ்ஸில் ஒரு ஆள் தூங்கிப்போய் ஊரை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு ஏறின இடத்திலேயே இறங்கி நன்றி சொன்ன கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

சின்னவள் நடுவில் புகுந்து சொன்னாள். சுற்றி வளைத்தெல்லாம் சொல்லவில்லை. படகுக்காரி என்று ஒருத்தியைச் செய்திருக்கிறேன், அது உன் உடம்பு, அவளுக்கு நடை வேண்டும், நீ வந்து நடக்க வேண்டும், இல்லாவிட்டால் அவளை இளைக்க வைத்துவிடுவார்கள்.

மாமா ரொட்டியைக் கீழே வைத்தார். அக்கா சூப்பை ஊதிக்கொண்டிருந்தாள். ஊதுவதை நிறுத்தவில்லை.

"துணி போட்டிருக்காளா?"

"போட்டிருக்காக்கா. பாவாடை, சட்டை, மேல ஒரு கம்பளி."

"நீ செய்யும்போது?"

சின்னவளுக்கு அப்போதுதான் உறைத்தது. உடம்பு முழுசாக முடிந்தபிறகுதான் ஊசி துணி போடுவாள். மழைக்காலம் முழுக்க அந்த உடம்பு துணி இல்லாமல் சுவர் அகலத்தில் நின்றிருந்தது. போகிற வருகிறவர்கள் டீயைக் கையில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்தார்கள். தொடையை இன்னும் கொஞ்சம் இறக்கு என்றார்கள், மார்பை ஏற்று என்றார்கள். அவர்கள் தொழிலில் அது நிர்வாணம் இல்லை. அது களிமண். எத்தனையோ வருஷமாக அப்படிப் பார்த்துப் பழகி, அக்காவின் உடம்பையும் அப்படியே நிறுத்தியிருந்தாள்.

"அப்ப துணி கிடையாதுக்கா," என்றாள்.

"எத்தனை பேர் பாத்தாங்க?"

"ஆபீஸ்ல எல்லாரும்."

அக்கா எழுந்தாள். மிச்ச சூப்பைத் திரும்பவும் பாத்திரத்தில் ஊற்றினாள். தட்டைக் கழுவினாள், சின்னவளின் தட்டில் ரொட்டி இன்னும் இருக்க, அதையும் பிடுங்கிக் கழுவினாள். ஈரப் போர்வைகளுக்கு அடியில் அவள் கால் மட்டும் நடந்து உள்ளறைக்குப் போயிற்று.

மறுநாள் அக்கா பேசவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. சாப்பாடு வைத்தாள், துணியை மடித்து வைத்தாள், சின்னவளின் குடையில் உடைந்த கம்பியைக்கூட முறுக்கிச் சரி செய்து வைத்தாள். பேச்சு மட்டும் கிடையாது.

மூன்றாம் நாள் சின்னவள் மாமாவின் பஸ்ஸிலேயே வேலைக்குப் போனாள். டிரைவருக்குப் பின் ஸீட்டில் உட்கார்ந்தாள். கண்ணாடியில் மழை வழிந்து தெரு முழுக்கக் கரைந்துகொண்டிருந்தது. மாமா வெகுநேரம் வண்டியை ஓட்டினார். அப்புறம் ரோட்டைப் பார்த்தபடியே பேசினார்.

"மச்சினி, நம்ம வீட்ல இருக்கிற போட்டோவெல்லாம் ஞாபகப்படுத்திப் பாரு. உங்கக்கா முன் வரிசையில நின்னிருக்காளா? கல்யாணப் போட்டோவுலயே என் தோளுக்குப் பின்னால பாதியா நிக்கிறா. கேட்டா வெளிச்சம் கண்ணைக் கூசுதுங்கிறா. நீ என்னடான்னா அவளச் செவுரு பூரா நிக்க வெச்சிருக்க."

"நான் கெட்ட எண்ணத்துல பண்ணல மாமா. மத்த பொம்பளைங்கல்லாம் ஒரே மாதிரி இருக்காங்க. இவளாவது..."

"எனக்குத் தெரியும். எனக்குப் புரிஞ்சு என்ன? நான் பஸ் ஓட்றவன்." சிவப்பு விளக்கில் நிறுத்தினார். "உன் ஸ்டாப் தாண்டிப் போச்சு. பேசாம உட்கார்ந்து அவகிட்டயே போய்ச் சேரு."

பஸ் ஆஸ்பத்திரிப் பக்கம்தான் போகும். இறங்கினாள்.

சலவைக்கூடம் கட்டடத்துக்கு அடியில் இருந்தது. கதவைத் திறந்ததும் நீராவி முகத்தில் அடித்துக் கண்ணை மறைத்தது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உருவங்கள் தெரிந்தன. வெள்ளை வெள்ளையாக ஏதோ எழும்பி இறங்கியது, படுக்கை விரிப்புகள். பெண்கள் எதிரெதிராக நின்று இழுத்து உதறி மடித்தார்கள். அக்கா பெரிய சலவை இயந்திரத்தின் வாயருகில் நின்றாள். ஈர விரிப்புகள் ஒன்றையொன்று பின்னிக்கொண்டு பிணம்போலக் கனக்கும். அக்கா இடுப்பை இயந்திரத்தின் விளிம்பில் முட்டுக்கொடுத்து, வலது கையால் உள்ளே துழாவிப் பிடித்து, உடம்பு மொத்தத்தையும் பின்னால் சாய்த்தாள். கையால் அவள் இழுக்கவில்லை. எடையால் இழுத்தாள். பின்னிக்கிடந்ததெல்லாம் ஒரு பெருமூச்சோடு வெளியே வந்து அவள் இடது தோளில் விழுந்தது. அவள் திரும்பி நடந்தாள். அவசரமே இல்லாத நடை. தரை அவளுக்காக இருக்கிறது என்பதுபோல ஒவ்வோர் அடியும்.

சின்னவள் நின்று பார்த்தாள். இந்த உடம்பை அவள் தூக்கத்தில் மட்டும்தான் அறிந்திருந்தாள்.

இஸ்திரி போடும் உருளையருகில் நின்ற கிழவி அவளைப் பார்த்துவிட்டு அக்காவைக் கூப்பிட்டாள். "உன் தங்கச்சி வந்திருக்கா பாரு. இவளையும் ஒருதடவ மெஷின்ல போட்டுப் பிழிஞ்சு எடுத்தியா என்ன, இப்படி இருக்கா?"

பெண்கள் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. விரிப்புகளை வண்டியில் இறக்கிவிட்டு வந்தாள்.

சின்னவள் மன்னிப்புக் கேட்டாள். கேட்காமல் செய்தது தப்பு, இன்றைக்கே அழித்துவிடுகிறேன், பொது உடம்பையே போட்டுக்கொள்ளட்டும் என்றாள். நீராவியில் அவள் குரல் அவளுக்கே தூரத்தில் கேட்டது.

"அழிச்சிட்டா பாத்தவங்க கண்ணை என்ன பண்ணுவ?" என்றாள் அக்கா. கையை ஏப்ரனில் துடைத்தாள், விரல் விரலாக. "எல்லாரும் பாத்துட்டாங்க. நான் பாக்கல. எனக்குக் காட்டு."

மதியம் வேலை முடிந்து, அதே உடுப்பில், அதே கனத்த ரப்பர் ஷூவில் அக்கா அலுவலகத்துக்கு வந்தாள். பெரியவர் எழுந்து நாற்காலி போட்டார். அக்கா அதில் கைப்பிடி இருப்பதைப் பார்த்துவிட்டு நின்றுகொண்டாள். ஊசி போய்க் கைப்பிடி இல்லாத பெஞ்சை இழுத்து வந்தாள். நடைக்காரர் வணக்கம் சொன்னார். சத்தம் தன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆம்பளைங்க வெளிய போங்க," என்றாள் அக்கா. போனார்கள். "நீயும்தான்மா, தப்பா நெனைக்காத," என்று ஊசியிடம் சொன்னாள். அப்புறம் சின்னவளிடம், "மொதல்ல அவங்க சிரிச்சதைப் போடு" என்றாள். சிரித்த விஷயத்தைச் சின்னவள் சொல்லவே இல்லை.

படகுக்காரி நுனிக்காலில் நடந்தாள். இடுப்பை ஒடித்து, கையை விரித்து. அக்கா பார்த்தாள். அவள் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாள் என்று சின்னவள் நினைத்தாள். இல்லை, சிரிப்பு. மூச்சு முட்டச் சிரித்தாள்.

"கருமம். இவ படகுல கால வெச்சா அப்படியே தண்ணிக்குள்ள போயிருவாளே." சிரிப்பு அடங்கியது. "இந்த உடம்ப வெச்சுக்கிட்டு இப்படியா நடப்பாங்க? வேற யாரோட காலையோ கடன் வாங்கிட்டு வந்த மாதிரி." அதைச் சொல்லும்போது முகம் கடுத்திருந்தது. "சரி. துணிய எடு."

சின்னவள் எடுத்தாள். கம்பளி போயிற்று, சட்டை, பாவாடை. சாம்பல் நிறத்தில், மூட்டத்துக்கு நடுவில் படகுக்காரி நின்றாள். சின்னவள் அவளை மெதுவாகத் திருப்பினாள். பக்கவாட்டு. முதுகு. அக்கா தன் முதுகை முழுசாகப் பார்த்தது அதுதான் முதல் தடவை. அந்த வீட்டில் அவ்வளவு பெரிய கண்ணாடி கிடையாது, இருந்தாலும் அவள் பார்த்திருக்க மாட்டாள். தோள்பட்டைகளுக்கு இடையில் ஒரு பள்ளம், அதிலிருந்து இடுப்புவரை சரிகிற பெரிய வெளி. திரை வெளிச்சம் அக்காவின் முகத்தில் அசைந்தது. வெளியே மழை. இரண்டு பெண்களும் ஆற்றுக்கு அடியில் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது, மேலே எங்கேயோ படகு போய்க்கொண்டிருப்பதுபோல்.

"முன்னால திருப்பு," என்றாள் அக்கா. வெகுநேரம் பார்த்தாள். "இது யாரு?"

"நீதான்க்கா."

"ரெண்டு கையும் வலது கையா இருக்கு."

சின்னவள் பார்த்தாள். ஆமாம். உடம்பில் ஒரு பாதியைத்தான் செய்வார்கள். மறுபாதி கண்ணாடியில் விழுவதுபோலத் தானாக வந்துவிடும். எல்லா உடம்பையும் அவள் அப்படித்தான் செய்கிறாள். கட்டிலில் அவள் படுத்தது எப்போதும் அக்காவுக்கு வலது பக்கம். சுமை ஏறி ஏறி அமுங்கிப்போன இடது தோள் படகுக்காரிக்கு இல்லை. அதை விளக்கினாள்.

"அப்ப பாதி வேலைக்குத்தான் சம்பளம் வாங்குறியா?" என்றாள் அக்கா. மூன்று நாளில் முதல் கிண்டல். சின்னவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அக்கா அதைக் கண்டுகொள்ளவில்லை. எழுந்து திரையருகில் போய், தொடாமல், விரலால் காட்டினாள். "இந்த வயிறு?"

அக்காவின் வயிறு பானை இல்லை. நடுவில் மடிந்து தொங்கும். குழந்தை தங்காமல் போனபோது ஆபரேஷனுக்குக் கத்தி வைத்த தழும்பு மடிப்புக்குள் போயிருக்கும். சின்னவளுக்கு அது தெரியும். செய்யும்போது கை அந்த இடத்துக்கு வந்தது, வழித்து உருட்டிவிட்டது.

"இப்படி இருந்தா நல்லாருக்கும்னு நெனச்சேன்."

"அப்ப நீயும் கொஞ்சம் இளைக்க வெச்சுட்ட," என்றாள் அக்கா. கோபமாகச் சொல்லவில்லை. துணியில் கறை இருக்கிறது என்று சொல்கிற குரல். "அவங்க இடுப்புல கைவெப்பாங்க, நீ வயித்துல."

மழைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அக்கா பெஞ்சுக்குத் திரும்பி உட்கார்ந்தாள்.

"எனக்கு இவளப் பிடிச்சிருக்கு. பெருசா, யாரையும் கேட்காம நிக்கிறா. ஆனா இது நான்னா, நானா இருக்கணும். நான் இல்லேன்னா, சும்மா என் உடம்பக் காட்டி வித்தை காட்டக் கூடாது. ரெண்டுல ஒண்ணு சொல்லு."

சின்னவள் திரையை விட்டு அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். "நீயா பண்றேன்க்கா. ஒருதடவ பாத்துப் பண்ணட்டுமா? சட்டைய மட்டும்..."

"பாக்க வேண்டாம். இதுவரைக்கும் எப்படிப் பண்ணியோ அப்படியே பண்ணு. பொய்ய மட்டும் எடுத்துரு. முடியறவரைக்கும் யாரும் உள்ள வரக் கூடாது."

சின்னவள் கண்ணாடி வேலையை நிறுத்தினாள். பாதியும் பாதியும் தனித்தனியாயின. இடது தோளை இறக்கினாள். இடுப்பு அதற்கு ஏற்றபடி வலப்பக்கம் ஏறியது. உடம்பே அதைக் கேட்டு வாங்கிக்கொண்டது. அப்புறம் வயிறு. களிமண்ணை மடித்துத் தொங்கவிட்டாள். அக்கா பின்னால் உட்கார்ந்து, ஊசி கதவிடுக்கில் நீட்டிவிட்டுப் போன டீயைக் குடித்துக்கொண்டு, பிஸ்கட்டை நனைத்து நனைத்துத் தின்றாள். ஒருமுறை "இன்னும் கீழ" என்றாள். ஒருமுறை "ம்" என்றாள். பொழுது சாய்ந்தபோது படகுக்காரி கொஞ்சம் அழகு குறைந்து, நிஜமாக எடையோடு, இப்போதுதான் எதையோ இறக்கிவைத்துவிட்டு நிமிர்ந்தவள்போல நின்றாள்.

அக்கா டீக் கோப்பையைக் கீழே வைத்தாள். "துணியப் போட்டு விடு. குளிருது அவளுக்கு," என்றாள். பிறகு கதவைத் திறந்து, "நடக்கணும்னீங்களே, எங்க?" என்று பொதுவாகக் கேட்டாள்.

நடையைப் பதிவு செய்கிற அறை தாழ்வாரத்தின் கோடியில். அதற்கென்று ஒரு கறுப்பு உடுப்பு உண்டு, உடம்போடு ஒட்டுவது, ஒரே அளவு. ஊசி அதை விரித்துப் பிடித்துப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள், சுருட்டி மூலையில் எறிந்தாள். வேலை உடுப்பின் மேலேயே, தோளில், முழங்கையில், இடுப்பில், முழங்காலில், வெள்ளைப் புள்ளிகளை டேப் போட்டு ஒட்டினாள். ஒட்டுவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் "இங்க வெக்கட்டுமாக்கா?" என்று கேட்டாள். யார் வீட்டுப் பெண்ணோ, முதல் நாளே அக்கா என்று கூப்பிட்டுவிட்டாள். சின்னவளுக்குச் சுருக்கென்றது.

நடைக்காரர் தன் திரையைக் காட்டி விளக்கினார். அதில் ஆள் தெரியாது. இருட்டில் புள்ளிகள் மட்டும் நகரும். சுற்றிலும் காமிரா, நடுவில் யாராவது கதவைத் திறந்தால் வெளிச்சம் பட்டு எல்லாம் பாழ், அதனால் உள்ளிருந்து பூட்டிக்கொள்வோம் என்றார்.

"என்ன தூக்கிட்டு நடக்கணும்?" என்றாள் அக்கா.

"சும்மா கை வீசி நடந்தாப் போதும்மா."

"சும்மா எப்படி நடக்கிறது? எனக்குச் சும்மா நடந்து பழக்கமில்ல. ஏதாவது குடுங்க."

சத்தம் எங்கிருந்தோ ஒரு மணல் மூட்டையைக் கொண்டுவந்து, கூச்சத்தோடு அவள் காலடியில் வைத்தான். அக்கா வலது கையால் அதைத் தூக்கி இடது தோளில் போட்டுக்கொண்டாள். புள்ளிகளோடு, மூட்டையோடு, வாசலில் நின்று திரும்பினாள். சின்னவளும் பின்னாலேயே வந்திருந்தாள்.

"நீ எங்க வர?"

"பாக்கத்தான்க்கா."

"அவருக்கு நான் புள்ளி. இந்தப் பொண்ணுக்கு நான் இன்னைக்கு வந்த ஆளு." அக்கா மூட்டையைத் தோளில் சரிசெய்துகொண்டாள். "நீ நிறையப் பாத்தாச்சு. வெளிய இரு."

"அக்கா..."

"வீட்டுக்கு ஒண்ணாப் போலாம். இங்கயே இரு."

அவள் உள்ளே போனாள். கறுப்புச் சுவர்களுக்கு நடுவில் வெள்ளைப் புள்ளிகள் ஒரு கணம் அசைந்தன. முதல் அடி தரையில் விழுந்த ஓசை சின்னவளுக்குக் காலில் தெரிந்தது. இரண்டாவது அடிக்கு முன் ஊசி கதவைச் சாத்தி, உள்ளிருந்து பூட்டினாள்.